டினியன் தீவு விமானதளம்: எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விகள்

கோத்தகிரி பக்கம் ஹிஸ்டரி டீச்சரா இருந்தவ நான். ஆகஸ்ட் 6 வந்தா இப்பவும் குன்னூர், அருவங்காடு, கட்டபெட்டு ஸ்கூல்கள்ல ஹிரோஷிமா பத்தி பேச கூப்பிடுறாங்க. குண்டு விழுந்த ஊர் பேரு சின்னப் பசங்களுக்குக்கூட தெரியுது, ஆனா அது கெளம்புன எடம் பெரியவங்களுக்கே தெரியல, அந்தப் பேரைச் சொன்னதும் கேள்வி மேல கேள்வியா வரும். வருஷா வருஷம் கிட்டத்தட்ட அதே கேள்விங்கதான், அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வைக்கிறேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

டீச்சர், ஹிரோஷிமாவுக்குப் போன ஃப்ளைட் அமெரிக்காவுல இருந்துதானே கெளம்புச்சு?

இல்லப்பா. அமெரிக்காவுல இருந்து ஜப்பானுக்கு குண்டு தூக்கிட்டுப் போய் திரும்பி வர்ற அளவுக்கு அப்போ எந்த விமானமும் கெடையாது. பசிபிக் கடல் நடுவுல டினியன்னு ஒரு தீவு, அதோட வடக்கு ஓரத்துல இருந்த நார்த் ஃபீல்டுங்குற விமானதளத்துல இருந்துதான் 1945 ஆகஸ்ட் 6 விடியக்காலம் 2.45க்கு எனோலா கேங்குற குண்டு விமானம் கெளம்புச்சு. நாகசாகிக்குப் போனதும் அதே தளம், அதே ரன்வே.

அந்தத் தீவு எங்க இருக்கு, எவ்ளோ பெருசு?

ஜப்பானுக்குத் தெக்க, பிலிப்பைன்ஸுக்குக் கெழக்க, மரியானா தீவுகள்னு ஒரு வரிசை இருக்கு. குவாம், சைபான், டினியன் எல்லாம் அதுல வர்றதுதான். டினியன் பரப்பளவு சுமார் 100 சதுர கிலோமீட்டர், நம்ம நீலகிரி மாவட்டத்தை 25 பங்கு போட்டா அதுல ஒரு பங்கு. டோக்கியோ அங்கிருந்து சுமார் 2400 கிலோமீட்டர். இந்த தூரத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, மத்த பதில் பாதிக்கு மேல இதுலதான் வந்து நிக்கும்.

ஆளே இல்லாத தீவா அது? யாருக்குச் சொந்தம்?

ஆளில்லாத தீவுன்னுதான் நெறைய பேர் நெனைக்கிறாங்க, அது ரொம்ப தப்பு. சமோரோன்னு ஒரு ஜனம் அங்க ஆயிரக்கணக்கான வருஷமா இருந்திருக்காங்க, ஆள் ஒசரத்தைவிட ரெண்டு மூணு மடங்கு பெரிய கல்தூண் நட்டு அது மேல வீடு கட்டுனவங்க, தாகா வீடுன்னு சொல்ற எடத்துல அந்தத் தூண்ல ஒண்ணு இன்னும் நேரா நிக்குது. ஸ்பெயின்காரன் வந்து, 17ஆம் நூற்றாண்டு கடைசிலேர்ந்து அந்த ஜனங்கள குவாமுக்கு கொண்டுபோய் குடி வெச்சுட்டான், தீவு காலியாச்சு. காலியாக்கினதுக்கு அப்புறம் பாத்தவங்கதான் ஆளில்லாத தீவுன்னு எழுதுனாங்க.

1899ல ஸ்பெயின் அதை ஜெர்மனிக்கு வித்துச்சு. 1914ல ஜப்பான் புடிச்சுது, மொத உலகப்போர் முடிஞ்சு லீக் ஆஃப் நேஷன்ஸ்னு அப்போ இருந்த நாடுகளோட சங்கம் ஜப்பான்கிட்டயே நிர்வாகத்தைக் குடுத்துச்சு. ஜப்பான் கம்பெனி ஒண்ணு தீவு முழுக்க கரும்பு போட்டு சர்க்கரை ஆலை கட்டி, ஒக்கினாவாவுல இருந்தும் கொரியாவுல இருந்தும் ஆள் கொண்டு வந்துச்சு. எங்கேயோ இருந்து கப்பல்ல கூட்டிட்டு வந்து தோட்டத்துல எறக்குற கதை நம்ம தேயிலைக்காட்டு ஜனங்களுக்கு நான் வெளக்கணும்னு இல்ல. வித்தவன், வாங்குனவன், புடிச்சவன் யாரும் சமோரோ ஜனங்கள ஒரு வார்த்தை கேக்கல.

அப்புறம் அமெரிக்கா கைக்கு எப்படி வந்துச்சு?

1944 ஜூலை 24ல இருந்து ஆகஸ்ட் 1 வரைக்கும் சண்டை. தெக்க ஊர் பக்கம் பெரிய படை எறங்குற மாதிரி காட்டி ஜப்பான் ராணுவத்தை அங்க இழுத்துட்டு, நெசமான படை வடமேக்குல ரெண்டு சின்னக் கடற்கரையில எறங்கிடுச்சு, அதுல ஒண்ணு 60 மீட்டர் அகலம்கூட வராது. சைபானை அதுக்கு முன்னாடியே புடிச்சிருந்தாங்க, நடுவுல குறுகலான கடல்தான், அங்கிருந்தே பீரங்கி டினியனை எட்டுச்சு. நாபாம்னு சொல்ற நெருப்புக் குண்டை ஆரம்பத்துல போட்டுப் பாத்த எடங்கள்ல இதுவும் ஒண்ணு.

சண்டை நடந்தப்போ கரும்புக்காட்டு ஜனங்க என்ன ஆனாங்க அக்கா?

இதைக் கேக்குறது பெரும்பாலும் பொம்பளைங்கதான், எஸ்டேட் பக்கம் போனா மொத கேள்வியே இதுதான். அமெரிக்காக்காரன்கிட்ட மாட்டுனா சித்திரவதை பண்ணுவான்னு சொல்லிச் சொல்லி வெச்சிருந்ததால, தெக்கு முனையில இருக்குற பாறை உச்சிலேர்ந்து புள்ளைங்களோட கடல்ல குதிச்ச குடும்பங்க உண்டு. ராணுவமே ஜனங்கள சாகடிச்சதும் உண்டு. அந்தப் பாறைக்கு இப்பவும் தற்கொலைப் பாறைன்னுதான் பேரு.

மிச்சமிருந்த பத்தாயிரத்துக்கும் மேல ஜனங்கள, ஜப்பான், ஒக்கினாவா, கொரியாக்காரங்க எல்லாரையும், சூரோங்குற எடத்துல முகாம் போட்டு வெச்சாங்க. ஸ்கூலும் காய்கறித் தோட்டமும்கூட உள்ள இருந்துச்சு, ஆனா அது கம்பிவேலி போட்ட முகாம்தான். அந்த வேலிக்கு அந்தப் பக்கம்தான் விமானதளம் வேகமா வளந்துட்டு இருந்துச்சு. 1946ல அவங்கள அவங்கவங்க நாட்டுக்கு அனுப்பிட்டாங்க.

இத்தனை தீவு இருக்கும்போது ஏன் டினியன்?

மேல சொன்ன 2400 கிலோமீட்டர்தான் மொத காரணம். பி-29ங்குற அமெரிக்க குண்டு விமானம் குண்டோட ஜப்பான் வரைக்கும் போய்த் திரும்பி வர்ற தூரம் அது. ரெண்டாவது காரணம், டினியன் சுண்ணாம்புக்கல் தீவு, மேல மேசை மாதிரி தட்டையா இருக்கும், கரும்புக்காடா இருந்ததால மரமும் பெருசா இல்ல. மலைக்காரங்களான நமக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டுக்கே சமதளம் கெடைக்காது, அங்க என்னடான்னா 2.6 கிலோமீட்டர் நீளத்துல நாலு ரன்வே பக்கத்துப் பக்கத்துல போட எடம் கெடச்சுது. கோயம்புத்தூர் ஏர்போர்ட் ரன்வே கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர், அது ஒண்ணே ஒண்ணுதான், அதை வெச்சு கணக்குப் பண்ணிக்கோங்க.

அவ்ளோ சீக்கிரம் எப்படிக் கட்டுனாங்க?

சீபீஸ்னு அமெரிக்க கப்பற்படையில கட்டுமானப் பிரிவு இருக்கு, அதுல சுமார் 15,000 பேர் ராத்திரி பகலா வேலை செஞ்சாங்க. பவளச் சுண்ணாம்புக்கல்ல வெடி வெச்சு ஒடச்சு, பரப்பி, ரோலர் ஓட்டி இறுக்கி, மேல தார் போட்டாங்க. ஜப்பான்காரங்க அதே எடத்துல சின்ன ரன்வே வெச்சிருந்தாங்க, அதை நீட்டி அகலமாக்கி 1944 டிசம்பர்ல மொத ரன்வே, 1945 மே மாசம் நாலாவது ரன்வே. தீவோட மேக்குப் பக்கம் வெஸ்ட் ஃபீல்டுன்னு தனியா இன்னும் ரெண்டு. அந்தக் காலத்துல உலகத்துலயே பெரிய, ரொம்ப பிசியான விமானதளம்னு இதைத்தான் சொல்லுவாங்க.

தீவோட வடிவம் நியூயார்க் மன்ஹாட்டன் மாதிரி இருக்குன்னு ரோடுகளுக்கு பிராட்வே, 42ஆவது தெரு, 86ஆவது தெருன்னு பேர் வெச்சாங்க. இன்னைக்கும் அங்க மெயின் ரோடு பிராட்வேதான். சமோரோ பேரு இருந்த மண்ணுல ஜப்பான் பேரு வந்து, அது மேல நியூயார்க் பேரு வந்து ஒக்காந்துடுச்சு.

அங்கிருந்து அணுகுண்டு மட்டும்தான் போச்சா?

அணுகுண்டு போனது ரெண்டே ரெண்டு தடவை. மத்தபடி மாசக்கணக்கா ராத்திரிக்கு ராத்திரி நூத்துக்கணக்குல விமானங்க போய்ட்டு இருந்துச்சு. 1945 மார்ச் 9 ராத்திரி குவாம், சைபான், டினியன் மூணு தீவுலேர்ந்தும் போன பி-29ங்க டோக்கியோ மேல நெருப்புக் குண்டு போட்டு ஒரே ராத்திரில சுமார் 1 லட்சம் பேர் செத்தாங்க. மர வீடுங்க, காத்து வேற, ஊரே எரிஞ்சுது. ஹிரோஷிமாவைப் பேசுற நாம இதைப் பேசுறதே இல்ல, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

நார்த் ஃபீல்டு விமானங்களுக்கு இன்னொரு வேலையும் இருந்துச்சு. ஜப்பான் துறைமுகங்கள்லயும் ஜலசந்திகள்லயும் கடல் கண்ணி போடுறது. அரிசி, நிலக்கரி, எண்ணெய் எதுவும் உள்ள வரக்கூடாது, அதுக்கு ராணுவம் வெச்ச பேரே பட்டினி ஆபரேஷன்.

நான் அருவங்காடு கார்டைட் வெடிமருந்து ஃபேக்டரில இருந்தவன்மா. குண்டை விமானத்துல ஏத்துறதுக்கு முன்னாடி முழுசா ரெடி பண்ணிட்டாங்களா, மேல போய் பண்ணாங்களா?

அருவங்காட்டுக்காரங்க மட்டுமே கேக்குற கேள்வி இது, நல்ல கேள்வி. ஹிரோஷிமா குண்டு துப்பாக்கி மாதிரி அமைப்பு, ஒரு குழாய்க்குள்ள ஒரு யுரேனியத் துண்டை இன்னொரு துண்டு மேல சுடணும். அந்தச் சுடுறதுக்குப் போட்ட மருந்து என்னன்னு நெனைக்கிறீங்க, கார்டைட்தான். பட்டுத்துணிப் பையில கட்டுன நாலு பொட்டலம். நீங்க காலம் பூரா பாத்த அதே வகை மருந்துதான் ஐயா.

ரன்வேயில பாரம் ஏத்துன பி-29 மேல எழும்பாம விழுந்து எரியுறது அடிக்கடி நடந்துட்டு இருந்துச்சு, இன்ஜின் சூடாகி தீப்புடிக்கும். அணுகுண்டோட அப்படி விழுந்தா தீவே போயிடும்னு பார்சன்ஸ்ங்குற கப்பற்படை அதிகாரி பயந்து, கார்டைட் பைங்கள கெளம்புனதுக்கு அப்புறம் வானத்துல வெச்சுத்தான் உள்ள போட்டாரு. அதுக்கு முன்னாடி நாள் குண்டுப் பக்கத்துல ஒக்காந்து திரும்பத் திரும்ப கையால போட்டு எடுத்துப் பழகியிருக்காரு. நாகசாகி குண்டு வேற அமைப்பு, புளூட்டோனியம், அதை அந்த மாதிரி வானத்துல பூட்ட முடியாது, கீழயே ரெடி பண்ணித்தான் ஏத்துனாங்க.

விமானதளத்துல இருக்குற அந்தக் குழி எதுக்கு? போட்டோவுல கண்ணாடி போட்டு மூடியிருக்கே?

பி-29 வயிறு தரையிலேர்ந்து ரொம்ப ஒசரம் கெடையாது, குண்டு ஒவ்வொண்ணும் 4 டன்னுக்கு மேல, மூணு மீட்டர் நீளம், நாகசாகி குண்டு குறுக்குலயே ஒன்றரை மீட்டர். வழக்கமா ஏத்துற மாதிரி கீழ தள்ளிட்டுப் போய் மேல தூக்க எடம் பத்தாது. அதனால தரையில குழி தோண்டி கான்கிரீட் போட்டு, உள்ள ஹைட்ராலிக் லிஃப்ட் வெச்சாங்க. குண்டை டிரெய்லர்ல கொண்டுவந்து லிஃப்ட்ல வெச்சு கீழ எறக்கிட்டு, விமானத்தைப் பின்னாடி தள்ளி குழிக்கு நேர் மேல நிறுத்தி, லிஃப்ட்ட மேல தூக்கி வயித்துக்குள்ள மாட்டுவாங்க. ரெண்டு குழி இருக்கு, ஒண்ணு ஹிரோஷிமாவுக்கு, இன்னொண்ணு நாகசாகிக்கு. வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா வேற விமானத்துக்கு மாத்துறதுக்கு இவோ ஜிமா தீவுலயும் ஒரு குழி ரெடியா வெச்சிருந்தாங்க.

போருக்கு அப்புறம் ரெண்டையும் மண்ணு போட்டு மூடி மேல செடி வெச்சிருந்தாங்க. 60ஆவது வருஷ நினைவு நாளுக்காக மண்ணை எடுத்துட்டு மேல கண்ணாடி போட்டாங்க, நீங்க போட்டோவுல பாத்தது அதுதான்.

குண்டு கொண்டு வந்த கப்பல் முழுகிடுச்சுன்னு சொல்றாங்களே?

குண்டோட முக்கியமான பாகத்தை இண்டியானாபொலிஸ்ங்குற போர்க்கப்பல் ஜூலை 26 டினியன்ல எறக்குச்சு, மிச்ச யுரேனியம் தனியா விமானத்துல வந்துச்சு. எறக்கிட்டுப் போன நாலாவது நாள், ஜூலை 30 நடுராத்திரி தாண்டி, ஜப்பான் நீர்மூழ்கி அந்தக் கப்பலை அடிச்சு முழுகடிச்சுடுச்சு. 1195 பேர்ல 316 பேர்தான் பொழச்சாங்க. கப்பல் வரலையேன்னு யாரும் கவனிக்கல, நாலு நாளு கடல்ல மெதந்தவங்கள அந்த வழியா தற்செயலா பறந்த ஒரு விமானம்தான் பாத்துச்சு. தாகத்துலயும் சுறாகிட்டயும் செத்தது நெறைய பேரு.

நாகசாகிக்குப் போனது திரும்பி வரலையாமே?

வந்துச்சு, நேரா வரல. பாக்ஸ்கார்ங்குற விமானம் ஆகஸ்ட் 9 விடியுறதுக்கு முன்னாடி டினியன்லேர்ந்து கெளம்புச்சு. போக வேண்டிய ஊரு கோகுரா. அங்க மேகமும் புகையும் மறைச்சதால சுத்திச் சுத்திப் பாத்துட்டு நாகசாகிக்கு திரும்பிட்டாங்க, 11.02க்கு குண்டு விழுந்துச்சு. ஒரு டேங்க்ல இருந்த எண்ணெயை பம்ப் பண்ண முடியாம போனதால டினியனுக்கு வர எரிபொருள் பத்தல, ஒக்கினாவாவுல எறங்கி நெரப்பிக்கிட்டு அப்புறம்தான் வந்தாங்க. அந்த வருஷக் கடைசிக்குள்ள ஹிரோஷிமாவுல சுமார் 1,40,000 பேரும் நாகசாகில சுமார் 70,000 பேரும் செத்துட்டாங்க.

நம்ம நாட்டுக்கும் இந்தத் தீவுக்கும் எதாச்சும் தொடர்பு இருக்கா?

இருக்கு. மரியானா தீவுங்கள புடிக்கிறதுக்கு முன்னாடி பி-29ங்க இருந்தது வங்காளத்துப் பக்கம், கரக்பூர், சாகுலியா தளங்கள்ல. அங்கிருந்து இமயமலையைத் தாண்டி சீனா போய், அங்க எறங்கி எண்ணெய் போட்டு, அப்புறம் ஜப்பான். அந்த எண்ணெயைக்கூட இங்கிருந்துதான் விமானத்துல தூக்கிட்டுப் போகணும், கட்டுபடியாகவே இல்ல. 1945ல அந்தப் படை மொத்தமா டினியன் வெஸ்ட் ஃபீல்டுக்கு மாறிடுச்சு.

இலங்கையிலேர்ந்து வந்து இங்க குடியேறுன குடும்பங்களுக்கு இன்னொரு தகவல். 1944 ஆகஸ்ட்ல இதே பி-29ங்க திருகோணமலை சீனக்குடா தளத்துலேர்ந்து கெளம்பித்தான் சுமத்ராவுல பாலெம்பாங் எண்ணெய் ஆலைக்கு குண்டு போடப் போச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1942 ஏப்ரல்ல, ஜப்பான் விமானங்க கொழும்புலயும் திருகோணமலையிலயும் விசாகப்பட்டினத்துலயும் குண்டு போட்டதுல மெட்ராஸ் ஜனங்க மூட்டை கட்டிட்டு ஓடுனது உங்க வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க.

அவ்ளோ கஷ்டப்பட்டுக் கட்டிட்டு ஏன் அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க?

போர் முடிஞ்சா வேலை முடிஞ்சுது. 40,000 பேருக்கு மேல இருந்த தீவு ரெண்டே வருஷத்துல வெறிச்சோடிடுச்சு. கரும்புக்காட்டை எல்லாம் கல்லாக்கியாச்சு, மேல் மண்ணும் போச்சு. மண்ணு அரிக்காம இருக்கணும்னு அமெரிக்காக்காரங்க விமானத்துலேர்ந்து ஒரு மர விதையைத் தூவுனாங்க, அங்க தங்கன்தங்கன்னு சொல்லுவாங்க, நம்ம ஊர்ல ஆட்டுக்குப் போடுற சவுண்டல் மரம்தான் அது. தீவு முழுக்க அதுவே காடாயிடுச்சு, மத்த மரத்தை வளர விடல. நம்ம சோலையையும் புல்வெளியையும் சீகை மரம் தின்ன கதை தெரிஞ்சவங்களுக்கு இது உடனே புரியும்.

இப்ப போனா பாக்க முடியுமா?

முடியும், ஆனா அமெரிக்க விசா வேணும், ஏன்னா அது இப்போ வடக்கு மரியானா காமன்வெல்த், அமெரிக்காவுக்குக் கீழ வருது. சைபான் வரைக்கும் போய் அங்கிருந்து சின்ன விமானத்துல ஏறுனா பத்து பதினஞ்சு நிமிஷம். எறங்குற ஏர்போர்ட்டே பழைய வெஸ்ட் ஃபீல்டுதான். பிராட்வேயிலேயே வடக்க போனா நார்த் ஃபீல்டு. ரெண்டு குழி, ஜப்பான் காலத்து நிர்வாகக் கட்டிடம், குண்டு தாங்குற பவர் ஹவுஸ், எரிபொருள் கிடங்கு எல்லாம் ஒடஞ்சும் ஒடையாமலும் நிக்குது. படை எறங்குன கடற்கரையையும் இந்தத் தளத்தையும் சேத்து 1985ல தேசிய வரலாற்றுச் சின்னம்னு அறிவிச்சாங்க. குழியை மட்டும் பாத்துட்டுத் திரும்பாதீங்க, தாகா வீட்டுத் தூணையும் பாருங்க.

எங்க தாத்தாவ சயாம் ரயில் ரோடு போட இழுத்துட்டுப் போய் சாகடிச்சான் ஜப்பான்காரன். அவனுக்கு குண்டு போட்டது சரிதானே டீச்சர்?

இதைக் கேட்டவங்ககிட்ட நான் மொதல்ல தலை குனிஞ்சுதான் நிப்பேன். மலேயா தோட்டங்கள்லேர்ந்து போன தமிழங்க பல்லாயிரம் பேர், சயாம்லேர்ந்து, அதாவது இப்போ இருக்குற தாய்லாந்துலேர்ந்து, பர்மாவுக்குப் போட்ட அந்த ரயில் பாதையில காலராவுலயும் பட்டினியிலயும் அடியிலயும் செத்தாங்க, அவங்களுக்கு ஒழுங்கா கல்லறைகூட கெடையாது. அந்தக் கோவம் நியாயம்.

ஆனா ஆகஸ்ட் 6 காலையில 8.15க்கு ஹிரோஷிமாவுல யார் இருந்தாங்கன்னு பாருங்க. தீ பரவாம இருக்க வீடு இடிக்கிற வேலைக்கு தெருவுல நிக்க வெச்ச ஸ்கூல் புள்ளைங்க ஆயிரக்கணக்குல செத்தாங்க. வேலைக்கு கொண்டுவந்த கொரியாக்காரங்களும் ஆயிரக்கணக்குல செத்தாங்க. சயாம்ல தண்டவாளம் போட்ட உங்க தாத்தாவும் ஹிரோஷிமாவுல எரிஞ்ச அந்த கொரியாக்காரனும் ஒரே சாம்ராஜ்ஜியம் இழுத்துட்டுப் போன கூலிங்க. உங்க தாத்தாவ சாகடிச்சவனுக்குப் போய்ச் சேர்ந்த தண்டனைன்னு அதை என்னால சொல்ல முடியல. குண்டு இல்லன்னா போர் இன்னும் நீண்டிருக்கும்னு சொல்றவங்க இருக்காங்க, ஆகஸ்ட் 9 சோவியத் ராணுவம் ஜப்பான் கையில இருந்த வடகிழக்கு சீனாவுல, அதாவது மஞ்சூரியாவுல எறங்குனதுதான் ஜப்பான் சரணடையப் பெரிய காரணம்னு சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டு பக்கத்தையும் பசங்ககிட்ட சொல்லுவேன், நான் எந்தப் பக்கம்னும் மறைக்க மாட்டேன், புள்ளைங்க நிக்கிற தெரு மேல அதைப் போட்டிருக்கக் கூடாது.

திரும்ப அந்த ரன்வேய தொறக்குறாங்களாமே, நெசமா?

நெசம்தான். 2023 கடைசில அமெரிக்க விமானப்படை அறிவிச்சு, 2024ல இருந்து நார்த் ஃபீல்டு ரன்வே மேல வளந்த காட்டை வெட்டி சுத்தம் பண்ணிட்டு இருக்காங்க. சீனாவோட சண்டைன்னு வந்தா ஒரே எடத்துல விமானத்தை எல்லாம் குவிச்சு வெக்காம பல தீவுல பிரிச்சு வெக்கணும்ங்குற திட்டம் அது. ஆகாயத்துலேர்ந்து எடுத்த படத்துல நாலு கோடும் திரும்பத் தெரிய ஆரம்பிச்சிருக்கு.

நெலம் யாருதுன்னு கேட்டீங்கன்னா, தீவோட வடக்குப் பக்கம் மூணுல ரெண்டு பங்கை 1983லயே 50 வருஷ குத்தகைக்கு ராணுவம் எடுத்துடுச்சு, இன்னும் 50 வருஷம் நீட்டிக்கவும் ஒப்பந்தத்துல எடம் இருக்கு. தீவுல இப்போ சுமார் 2000 பேர்தான், பாதிக்கு மேல மண்ணு அவங்க கையில இல்ல. குண்டு போட்டுப் பழகுற பயிற்சித் தளம் கொண்டு வர்றாங்கன்னு தெரிஞ்சதும் 2016ல டினியன் பெண்கள் அமைப்பு கடற்படை மேல கேஸ் போட்டாங்க. கேஸ் தோத்துடுச்சு, அப்பீல்லயும் தோத்துடுச்சு. வேலை வரும், காசு வரும்னு ஆதரிக்கிறவங்களும் அதே ஊர்ல இருக்காங்க, மொறைச்சுக்கிட்டே பக்கத்துப் பக்கத்து வீட்ல வாழ்றாங்க. நான் அந்தப் பெண்கள் பக்கம்தான், ஏன்னா ஸ்பெயின் காலத்துலேர்ந்து அந்தத் தீவைப் பத்தி எடுத்த முடிவு எல்லாத்துலயும் அங்க வாழ்றவங்க தாங்களா எழுந்து நின்னு கேட்ட கேள்விகள்ல அந்தக் கேஸும் ஒண்ணு, அதுக்கு நேரடியா யாரும் இன்னும் பதில் சொல்லல.